தூங்குவதுபோல் படுத்திருந்தேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் வேலை பார்க்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். வாசல் பலகையில் சிறுவர் பராமரிப்பு நிலையம் என்று எழுதியிருக்கிறது, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பால் கரைப்பது, சோறு ஊட்டுவது, கழுவிவிடுவது எல்லாம் என் வேலைதான். ஆனால் எனக்குத் தோட்டத்தில் பெயர் வாங்கித் தந்தது பிள்ளைகளைத் தூங்கவைப்பது. எவ்வளவு அடம்பிடிக்கிற பிள்ளையானாலும் தூளியில் போட்டு, நெற்றியில் ஒரு விரலை மேலிருந்து மூக்குவரை இழுத்துக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். "ஒங்க கையில என்னா மருந்து வச்சிருக்கீங்க" என்று தாய்மார் கேட்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்படிப்பட்டவளின் வீட்டில்தான் ஒரு மனிதர் மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்தார்.

என் கணவர் மேசன் வேலை செய்கிறவர். நமுனுகுல, பசறைப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் எழுப்பிய சுவரில் குண்டு நூல் விட்டுப் பார்த்தால் மயிரிழை கூட விலகாது. கல்யாணமான புதிதில் சனிக்கிழமை மட்டும் குடித்தார். பிறகு சனிக்கிழமை வெள்ளிக்கிழமைவரை நீண்டது. பிறகு எந்தக் கிழமை என்ற கணக்கே இல்லாமல் போனது. அடித்தார், உடைத்தார் என்று நான் சொல்ல முடியாது. குடித்துவிட்டு வருவார், சாப்பிடுவார், பாதிச் சாப்பாட்டில் அப்படியே சரிந்து தூங்கிவிடுவார். குடிக்கிற இடத்தில் அவர் பெரிய பேச்சுக்காரர் என்று கூடக் குடிக்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கதை சொல்வாராம், எல்லாரையும் சிரிக்கவைப்பாராம். பேச்சையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வெறும் ஆளாக வீட்டுக்கு வருவார். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகள் போன் எடுத்தால்கூட "ஆங்... சரி... அம்மாகிட்ட பேசு" என்பதோடு முடிந்துவிடும். அவருடைய அந்தப் பேச்சு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அதைக் கேட்கக் கொடுத்துவைத்தவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காலை பசறையில் ஒரு வீட்டில் பூச்சு வேலை. சாந்தை எடுத்த கரண்டி கையில் நிற்கவில்லை. கை அப்படி நடுங்கியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சிங்கள வாத்தியார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பாஸ், வீட்டுக்குப் போங்க. சொகமாகிட்டு வாங்க. செவரு எங்கேயும் போகாது" என்றாராம். ஏசியிருந்தால் இவர் நேரே சாராயக் கடைக்குப் போயிருப்பார். ஏசாததால் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். படியில் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீயும் வா" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். இத்தனை வருஷம் குடித்தவர் வீட்டிலிருந்தபடியே ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து, வலிப்புகூட வரலாம் என்று சொல்லி வார்ட்டில் படுக்கவைத்துவிட்டார். மருந்து கொடுத்தும் அவர் உடம்பு உதறியது. வேர்த்துக் கொட்டியது. சுவரில் ஏதோ ஊர்ந்து போவதாகச் சொன்னார். ஆண்கள் வார்ட்டில் என்னை இரவு தங்க விடவில்லை. பகலில் போய் முகத்தைத் துடைத்துவிட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்பி வருவேன்.

அங்கேதான் ஓர் அண்ணன் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர், வேதக்காரர், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அவரும் ஒரு காலத்தில் இதே வார்ட்டில் கிடந்து எழுந்தவராம். யார் சொல்லியும் இல்லை, தானாகவே தினமும் கொஞ்ச நேரம் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, குடியை விட வந்தவர்களின் கட்டிலருகே போய் உட்காருவார். என் கணவரின் கட்டிலருகிலும் உட்கார்ந்தார். நான் இல்லாத இரவில் இவர் பயந்து எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அந்த அண்ணன்தான் என்று தாதி சொன்னார். நான் நன்றியோடுதான் கேட்டேன். இருந்தாலும் அந்தக் கையை நான் பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு சின்ன முள் அன்றைக்கே தைத்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "நடுக்கம் போயிரும். தூக்கம்தான் லேசில வராது. சில பேருக்கு வாரக்கணக்கு, சில பேருக்கு மாசக்கணக்கு. அதுக்குப் பயந்து திரும்பக் குடிச்சிராதீங்க. நிறையப் பேர் அதிலதான் விழுறாங்க. கடையில தூக்க மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது. பகல்ல படுக்க வேணாம். தூங்கினாலும் தூங்காட்டியும் காலையில ஒரே நேரத்துக்கு எழும்புங்க. மத்தியானத்துக்குப் பொறகு தேத்தண்ணி வேணாம்."

"சாராயத்த விட்டாச்சு. தேயிலைத் தோட்டத்தில இருந்துக்கிட்டு தேத்தண்ணியையும் விடணுமாங்க?" என்றார் என் கணவர். டாக்டர் சிரித்துவிட்டார். அவர் அப்படிப் பகிடியாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இனிமேல் இந்தப் பேச்சு நம் வீட்டுக்கு வரும் என்று நினைத்தேன்.

வரவில்லை. இரவானால் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் அசையாமல் பலகைபோலக் கிடப்பார். தூங்குகிற உடம்பு எது, தூங்காத உடம்பு எது என்று மூச்சை வைத்தே எனக்குத் தெரியும். பிழைப்பே அதுதானே. அவர் முழித்திருக்கிறார் என்று தெரிந்தது. கேட்கலாம் என்றால், "நீ காலையில வேலைக்குப் போகணும், தூங்கு" என்று முதல்நாளே சொல்லிவிட்டார். நானும் முழித்திருக்கிறேன் என்று தெரிந்தால், தன்னால் இவளுக்கும் தூக்கம் போயிற்றே என்று வேதனைப்படுவார். அந்த வேதனையில் கால் சாராயக் கடைப் பக்கம் திரும்பிவிட்டால்? அதனால் நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். தூளியில் கிடக்கிற பிள்ளைகள் மாதிரியே மூச்சு விட்டேன். நீளமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விடுவது. யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சிறிது நேரம் போனதும் அவர் எழுந்து, தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கி, போனை எடுத்துக்கொண்டு வெளியே போவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மேலே ரோட்டு வளைவில் ஒரு ஆனைக்கொய்யா மரம் இருக்கிறது, அதன் கீழே நின்றால்தான் ஒழுங்காகக் கிடைக்கும். காட்டுப்பன்றி இறங்குகிற நேரத்தில் அங்கே போய் நின்று அந்த அண்ணனுடன் பேசுவார். எந்நேரமும் எடுங்க என்று அவர் சொல்லியிருந்தாராம். திரும்பி வரும்போது காலில் பனி ஈரம் இருக்கும். நான் நீளமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பேன்.

பகலில் அவர் சிடுசிடு என்று இருந்தார். வாய் இனிப்புக் கேட்டது. கித்துள் கருப்பட்டியை நறுக்கி டப்பாவில் போட்டுக் கொடுத்தேன், வேலைக்கும் கொண்டுபோனார். வாத்தியார் வீட்டில் அரைநாள் வேலை தொடங்கியிருந்தது. வந்தவுடன் என் மடியில் விழுவது "அண்ணே சொன்னாரு" என்பதுதான்.

"அண்ணே சொன்னாரு, பின்னேரம் நல்லா நடக்கணுமாம்."

"அண்ணே சொன்னாரு, படுக்க முந்தி சுடுதண்ணியில கால வைக்கணுமாம்."

"அண்ணே சொன்னாரு, பால்ல மஞ்சள் போட்டுக் குடிக்கச் சொல்லி."

அந்தப் பாலை நான் முந்தின வாரமே காய்ச்சிக் கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளிவைத்தார். இப்போது அண்ணே சொன்னதும் ஒரு மடக்கில் குடித்தார். டம்ளரை வாங்கிக் கழுவும்போது அதை ஏன் உடைக்காமல் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நாட்களில் எனக்கு யாரைப் பார்த்தாலும் பொறாமை. காம்பராவில் தூளியில் வாய் பிளந்து தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் பொறாமை. தூங்குகிறதோடு போனால் பரவாயில்லை, எழும்பும்போது சிரித்துக்கொண்டு வேறு எழும்புவார்கள். லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இன்னமும் குடிக்கிறவர். சுவருக்கு அந்தப்பக்கம் அவர் விடுகிற குறட்டை எங்கள் தலைமாட்டில் கேட்கும். அவருடைய பெண்சாதிக்கு என்ன குறை, குடித்தாலும் அவள் புருஷன் தூங்குகிறானே என்று ஒரு தடவை நினைத்துவிட்டேன். நினைத்த பிறகு திடுக்கிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். எல்லாவற்றையும்விட அந்த அண்ணன்மேல்தான் அதிகம். குடிகாரனாக இருந்தபோது இவரைத் தூக்கிச் சுமந்தவள் நான். திருந்தின மனிதரின் பேச்சு போவது அவருக்கு.

ஒருநாள் இரவு அவர் வெளியே போனதும் நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் போனேன். வளைவுக்குக் கீழே ஒரு மதகு இருக்கிறது. அதன் ஓரத்தில் நின்றால் மேலே பேசுவது தெளிவாகக் கேட்கும்.

முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் வீட்டுச் சமையலைப் பற்றி ஏதோ கதை. அது எனக்குச் சொல்லாத கதை. பிறகு குரல் இறங்கியது.

"இல்லண்ணே. கண்ண மூடினாலும் மண்டைக்குள்ள லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு... அவளா? அவ படுத்தவொடன தூங்கிடுறாண்ணே. பிள்ளைக மாதிரி மூச்சு விட்டுக்கிட்டு கெடக்குறா. அதக் கேக்கக் கேக்க எனக்குப் பொறாமையா இருக்கு. ஒரு நேரம் ஆத்திரமா வருது, ஒலுக்கி எழுப்பிறலாமான்னு. ஆனா பாவம், எத்தன வருசம் எனக்காக முழிச்சுக் கெடந்தவ. அதான் அசையாம கெடக்குறேன். முடியாத நேரம் எழும்பி இங்க வந்துர்றேன்."

நான் அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் பொய்த் தூக்கத்தைப் பார்த்து அந்த மனிதர் பொறாமைப்படுகிறார். நான் தூங்கட்டும் என்று அவர் அசையாமல் கிடக்க, அவர் வேதனைப்படக் கூடாது என்று நான் அசையாமல் கிடக்க, ஒரு பாயில் இரண்டு பேரும் கட்டைபோல விறைத்துக் கிடந்திருக்கிறோம். ஆனாலும் விடியும்வரை என்னை அரித்தது வேறொன்று. என்மேல் பொறாமை என்பதைக்கூட இவர் இன்னொருவரிடம்தான் சொல்கிறார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணன் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பதுளை டவுனுக்கு வெளியே ஆற்றுப் பக்கம் சின்ன வீடு. ஆண்கள் இருவரும் முன்வாசலில் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் உலகம் மறந்துவிட்டார்கள். நான் குசினியில் அண்ணனின் மனைவிக்கு உதவியாகத் தேங்காய் துருவினேன். அக்கா அதிகம் பேசாதவர். கோழிக்கறியை இறக்கிவைத்துவிட்டு முன்வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஒங்க வூட்டுக்காரர் போன் வந்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும் தங்கச்சி. கோவிக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றார்.

நான் துருவுவதை நிறுத்தினேன்.

"ராவுல போன் அடிச்சதும் எழும்பிப் போயிருவாரு. எங்கிட்ட பேசினா ரெண்டு வார்த்த. ஒங்க வூட்டுக்காரர்கிட்ட பேசினா விடிஞ்சிரும். நல்ல காரியம்னு தெரியும். தெரிஞ்சாலும் எரியுது."

"எனக்கும் அப்புடித்தாங்க அக்கா" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வாசலிலிருந்து "என்னா அங்க சிரிப்பு" என்று அண்ணன் கேட்டார். "ஒங்களுக்கு என்னா, நீங்க பேசுங்க" என்றார் அக்கா.

பிறகு அக்கா தன் கதையைச் சொன்னார். அண்ணன் குடியை விட்டபோது அவர்கள் வீட்டிலும் இப்படித்தான் தூக்கமில்லையாம். பாயில் கிடந்து உருள உருளத் தூக்கம் இன்னும் தள்ளித்தான் போகும் என்று கண்டுகொண்டார்களாம். "வரலன்னா எழும்பிறணும். வெளிச்சத்தக் கொறச்சு வச்சுக்கிட்டு ஏதாவது கை வேல செய்யணும். கண்ணு கனத்தா போய்ப் படுக்கணும். ஆனா ஒரு ஆள் எழும்பி ஒரு ஆள் கெடந்தா அது சரிவராது. கெடக்குறவ மேலதான் கோவம் திரும்பும்." அவர் எனக்காகவே அதைச் சொன்னாரா, அண்ணன் ஏதும் சொல்லியிருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்து ரோட்டில் ஏறிப் போகும்போது சொல்லிவிட்டேன்.

"நான் ராவுல தூங்குறது இல்லீங்க."

"என்னா?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து முழிச்சுத்தான் கெடக்குறேன். சும்மா மூச்சு விடுறேன்."

அவர் நின்றுவிட்டார். நான் எதிர்பார்த்தது சிரிப்பு. வந்தது கோபம்.

"அப்ப எதுக்கு நடிச்ச? நான் அங்க மனுசனா கெடக்குறேனா, பொணமா கெடக்குறேனான்னு தெரியாம நாறிக்கிட்டு இருக்கேன். நீ தூங்குறியேன்னு தும்மலக்கூட அடக்கிக்கிட்டு இருந்தேன்."

"நீங்க எங்கிட்ட பேசுனீங்களா? ஆனைக்கொய்யா மரத்துக்குச் சொன்னத எனக்குச் சொல்லியிருந்தா நான் ஏன் நடிக்கிறேன்?"

"பின்னால வந்தியா?"

"வந்தேன்."

அவர் விறுவிறு என்று முன்னால் நடந்து போய்விட்டார். அன்றிரவு இரண்டு பேரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அவர் மறுபடி சாராயத்தை நினைத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே பாயை விரித்தேன். ஆனால் படுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் இருட்டுக்குள்ளிருந்து, "முழிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கேன்."

"அப்ப எழும்பு. கெடந்து என்னாத்தப் பண்ண."

அப்படித் தொடங்கியது. குப்பி விளக்கை ஏற்றி அடுப்படியில் உட்காருவோம். அரிசியில் கல் பொறுக்குவோம். காம்பராப் பிள்ளைகளுக்குத் துணிப் பந்து தைக்க நான் பழைய துணியைக் கிழித்துக் கொடுப்பேன், அவர் உள்ளே அடைப்பார். மேசன் கை அல்லவா, அந்தப் பந்துகள் கல்மாதிரி இறுகிப் போய் வந்தன. பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில இரவு இரண்டு பேருக்கும் எரிச்சல், முகம் கொடுத்துப் பேசமாட்டோம். சில இரவு அவர் பாதிக் கதையில் நிறுத்திவிடுவார். அண்ணனுக்குப் போன் எடுப்பதைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டார். முடியாத நாளில் இரவிலும் வளைவுக்குப் போனார். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.

தூக்கம் துண்டு துண்டாக வந்தது. ஒருநாள் வந்தால் மூன்று நாள் காணாது. தூங்கிய இரவிலும் கனவில் குடித்துவிட்டதாக எழுந்து, வாயை மோந்து பார்க்கச் சொல்லி என்னிடம் ஊதிக்காட்டுவார். மாரியம்மன் திருவிழாவில் எல்லாரும் குடித்துக் கூத்தாடிய அன்று இரவு முழுக்க ஒரு பொட்டுத் தூங்கவில்லை. ஆனாலும் காலையில் சொன்ன நேரத்துக்கு எழும்பி, பீலித் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போனார். வாத்தியார் வீட்டுப் பூச்சு முடிந்தது.

நல்ல தூக்கம் என்று ஒன்று வந்தது பஸ்ஸில். கிளினிக்குக்குப் போய்விட்டுப் பதுளையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்டம். எனக்கு பஸ்ஸின் முன்பக்கம் ஓர் இடம் கிடைத்தது, அவருக்குப் பின்பக்கம், ஒரு சிங்களப் பெரியவருக்குப் பக்கத்தில். ஏற்றத்தில் சில வளைவுகள் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் அந்தப் பெரியவரின் தோளில் தலையைப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அது நடிப்பில்லாத தூக்கம் என்று மூச்சைப் பார்த்ததும் தெரிந்தது. தலையைச் சரிசெய்யலாம் என்று எழுந்தேன். பெரியவர் மடியில் மரக்கறிப் பையை வைத்தபடி, வேண்டாம் என்று கண்ணால் காட்டினார். "நித்திரை கொள்ளட்டும்" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோட்டத்துப் பிள்ளைகளை எல்லாம் தூங்கவைக்கிறவள் நான். இத்தனை மாதம் கூடவே முழித்திருந்து, கல் பொறுக்கி, பந்து தைத்து, கடைசியில் இந்தத் தூக்கம் போய் விழுந்தது முன்பின் தெரியாத ஒருவரின் தோளில். அந்தச் சட்டைத் தோள்மேல் அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடமும் சொல்ல முடியாது. எங்கள் சந்தி வந்தது. நான் மணி அடிக்கவில்லை. அந்தப் பெரியவரும் தான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன், ஒரு சந்தியில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார்.

பஸ் கடைசியாக நின்ற இடத்தில்தான் என் கணவர் கண் விழித்தார். பெரியவரிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். இறங்கியதும், "எங்க இருக்கோம்?" என்றார்.

"தாண்டி வந்துட்டோம்."

"எழுப்புறதுதானே."

"மனசு வரல."

திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ரோட்டோரமாகவே நடந்தோம். அவர் முகம் பிள்ளை எழுந்த முகம்போலச் சிவந்து உப்பியிருந்தது.

"கனவு கண்டேன்" என்றார். "சாராயக் கனவு இல்ல. நான் பஸ் ஓட்டுறேன். நீ கண்டக்டர். மிதிபலகையில நிக்கிறவங்கள எல்லாம் உள்ளுக்கு ஏறு, உள்ளுக்கு ஏறுன்னு ஏசிக்கிட்டு வர்ற."

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனிதர். நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தக் கனவை அவர் சொன்ன முதல் ஆள் நான்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"இத அண்ணேகிட்ட சொல்லாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"சும்மாதான். சொல்லாதீங்க."

"சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வளைவில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். இப்போதெல்லாம் நாங்களும் பேசிக்கொள்கிறோம். எடுத்ததும் அக்கா கேட்டது, "என்னா தங்கச்சி, பஸ்ஸில கண்டக்டர் வேல கெடச்சிருக்காமே?"

வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அவருடன் பேசவில்லை. அவர் என்ன காரணம் என்று ஒரு தடவை கேட்டார், நான் அரிசி களையப் போய்விட்டேன். சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், போய்ப் படுத்தார். நான் அடுப்படியைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தபோது தூங்கியிருந்தார்.